வாத்துக் குளமும் பாதி ஹிந்தியும்

அபிராமி ஃபிளாட்ஸில் மொத்தம் ஒன்பது வீடுகள். ஒன்பது வீட்டுக்காரர்களுக்கும் சுப்ரஜாவின் ஹிந்தி மார்க் மனப்பாடம். அவளுடைய அப்பா ஜெயகிருஷ்ணன் அப்படி மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்.

"பிராத்மிக் பரீட்சையில டிஸ்டிங்ஷன் சார். நூத்துக்கு எண்பத்தி ஏழு," என்று படிக்கட்டில் எதிரே வருகிறவர்களிடம் சொல்வார். பால் பாக்கெட் போடுகிறவரிடம் சொன்னார். குரோம்பேட்டை ஸ்டேஷனில் தாம்பரம் ரயிலுக்குக் காத்திருக்கும்போது, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னார். ஃபிளாட்ஸ் வாட்ஸப் குழுவில் சான்றிதழின் படத்தை இரண்டு முறை போட்டார். ஒரு முறை நேராக, ஒரு முறை தலைகீழாக.

சுப்ரஜா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய ஹிந்திப் புத்தகத்தில் ராகேஷ் என்று ஒரு பையன் உண்டு. அவன் தினமும் பள்ளிக்கூடம் போவான். மாம்பழம் சாப்பிடுவான். தோட்டத்தில் பூவைப் பார்ப்பான். ராகேஷ் என்ன செய்தாலும் சுப்ரஜாவுக்குப் புரியும்.

ராகேஷைத் தவிர வேறு யார் ஹிந்தி பேசினாலும் புரியாது. ஆனால் இந்த உண்மை சுப்ரஜா ஒருத்திக்குத்தான் தெரியும்.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த உண்மைக்கு ஒரு சோதனை வந்தது.

சுப்ரஜா வீட்டு வாசலில் செக்ரெட்டரி யக்ஞநாராயணன் நின்றார். ஆடிட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃபிளாட்ஸில் எந்தக் குழாய் சொட்டினாலும் முதலில் அவருக்குத்தான் கேட்கும். அறிவிப்பு எழுதுவதென்றால் அவருக்கு அவ்வளவு பிரியம். ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டு எழுதி ஒட்டுவார்.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் தயங்கித் தயங்கி நின்றாள். முதல் மாடிக்கு இரண்டு மாதம் முன்னால் குடி வந்த சுனைனா ஆண்ட்டி. பீகாரிலிருந்து வந்தவர்கள். அவளுடைய கணவர் திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டர். கம்பெனி அவரைப் பதினைந்து நாள் வேலையாக ஓசூருக்கு அனுப்பியிருந்தது. அவருக்குத் தமிழ் வரும், ஆனால் பகலில் வெல்டிங் வேலையில் போன் எடுக்க முடியாது. ஆண்ட்டிக்கு வராது. அவர்களுடைய நாலு வயதுப் பையன் கோலுவுக்கு 'காக்கா', 'ஐஸ்' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் வரும்.

"இந்தம்மா என்னமோ கேக்கறாங்க ஜெயகிருஷ்ணன். எனக்கு ஒண்ணும் புரியல," என்றார் செக்ரெட்டரி.

அப்பா தன் போனை எடுத்து மொழிபெயர்க்கும் ஆப்பை ஆண்ட்டியின் முன்னால் நீட்டினார். ஆண்ட்டி அதைப் பார்த்து மளமளவென்று பேசினாள். அவள் பேசியது ஊர்ப்பேச்சு. 'புரியவில்லை. மீண்டும் சொல்லவும்' என்று போன் சொல்லிவிட்டது.

"இந்த ஆப்பெல்லாம் எதுக்கு சார், வீட்டுலயே ஆள் இருக்கும்போது," என்றார் அப்பா. "சுப்பு, இங்க வாம்மா."

சுப்ரஜா வந்தாள். ஆண்ட்டியின் முகம் மலர்ந்தது. முன்பைவிட வேகமாகப் பேசினாள். கையை மேலே காட்டினாள். நாலு விரலைக் காட்டினாள். ஏதோ பெரிய பாத்திரம் என்பது போலக் கைகளை அகல விரித்தாள். 'தண்ணீர்' என்ற சொல் சுப்ரஜாவுக்குப் புரிந்தது. 'காலை', 'மாலை' இரண்டும் புரிந்தன. மாம்பழம் எங்கேயும் வரவில்லை.

ஆண்ட்டி பேசி முடித்தாள். மூன்று பேரும் சுப்ரஜாவைப் பார்த்தார்கள்.

'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லியிருக்கலாம். போனே சொல்லிவிட்டது. ஆனால் போனின் மார்க்கை ஊரெல்லாம் சொல்லி வைத்த அப்பா யாரும் அதன் பக்கத்தில் நிற்கவில்லையே.

"வந்து... மாடி வேணுமாம் அங்கிள். நாலு நாளைக்கு," என்றாள் சுப்ரஜா. "பெரிய தொட்டியில தண்ணி ரொப்பி, வந்து... துணி துவைக்கணுமாம். போர்வை, பெட்ஷீட் எல்லாம். காலையிலயும் சாயந்திரமும்."

அப்பா பெருமையுடன் செக்ரெட்டரியைப் பார்த்தார்.

செக்ரெட்டரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப சங்கடமா இருக்கு. இவங்க புதுசா வந்திருக்காங்க, முதல் தடவையா ஒண்ணு கேக்கறாங்க, இல்லைன்னு சொல்ல மனசு வரல. ஆனா போன மழைக்கு மூணாவது மாடி சீலிங் ஒழுகினதுல இருந்து மாடியில தண்ணியே புழங்கக் கூடாதுன்னு மீட்டிங்ல முடிவு பண்ணியிருக்கோம். எல்லாருக்கும் அதே ரூல்தான். தப்பா எடுத்துக்க வேண்டாம்னு சொல்லும்மா. வேற எந்த உதவி வேணும்னாலும் கேக்கச் சொல்லு."

சீலிங் ஒழுகியதும் மீட்டிங்கில் முடிவு செய்ததும் ராகேஷின் வாழ்க்கையில் நடந்ததே இல்லை.

அவள் ஆண்ட்டியிடம் ஹிந்தியில் சொன்னது மொத்தம் இரண்டே வார்த்தை. "மாடி இல்லை."

ஆண்ட்டியின் முகம் சுருங்கிவிட்டது. ஒரு முறை செக்ரெட்டரியைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அப்பா அன்று அவளுக்கு மசால் தோசை வாங்கித் தந்தார். சுப்ரஜாவால் பாதிகூடச் சாப்பிட முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மழை சற்று ஓய்ந்து வெயில் அடித்தது. கேட்டுக்குப் பக்கத்தில் வெயில் விழுகிற இடத்தில் ஒரு கட்டிலைப் போட்டு, அதில் வெள்ளை வேட்டி விரித்து, கோதுமையைப் பரப்பியிருந்தார்கள். கோலு கையில் ஒரு குச்சியுடன் காவலுக்கு நின்றான். காக்கா வராதபோதும் "காக்கா, காக்கா" என்று விரட்டினான்.

வாட்ச்மேன் துளசிங்கம் தன் நாற்காலியையும் அங்கேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இது எதுக்கு அண்ணா?" என்று கேட்டாள் சுப்ரஜா.

"தெர்ல பாப்பா. கீழ் வூட்டு அம்மா காலீலேர்ந்து கழுவிக் காயப் போட்டுகினு கீது. காக்கா, குருவி எதுவும் வாய் வெக்கக் கூடாதாம். நான் தொடப் போனேன், மொதல்ல கைய கழுவுன்னு சொல்ட்ச்சு."

"அவங்க பேசறது உங்களுக்குப் புரியுதா?"

"எனக்கு இன்னா புரியும். 'இன்னாமா, இன்னாமா'ன்னு கேட்டுகினே இருப்பேன். அது கைய காட்டும், காலைக் காட்டும். நாலாவது தபா புரிஞ்சிடும்." துளசிங்கம் குரலைத் தாழ்த்தினார். "பாவம் பாப்பா. ஞாயித்துக்கெழமேலேர்ந்து அழுதுகினே கீது. வூட்டுக்காரருக்குப் போன் போட்டுச்சு. அவரு, 'இல்லைன்னு சொல்லிட்டாங்கல்ல, வாடகைக்கு வந்த எடத்துல ரெண்டாவது தபா கேக்காத, வுட்டுடு'ன்னுட்டாராம். அவரே எங்கிட்ட போன்ல சொன்னாரு. இன்னா கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லல."

சுப்ரஜா கட்டிலைப் பார்த்தாள். ஒரு கல், ஒரு தூசு இல்லாத கோதுமை. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த புது மூங்கில் முறம் இரண்டு. பெட்ஷீட் ஒன்றுகூட இல்லை. போர்வை துவைக்க மாடி கிடைக்கவில்லை என்றால் யாராவது மூன்று நாள் அழுவார்களா?

அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பயமும் வந்தது. உண்மையைச் சொன்னால் அப்பாவின் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். பிறகு 'மாடி இல்லை' என்று கேட்டபோது ஆண்ட்டியின் முகம் எப்படி ஆனது என்பது நினைவுக்கு வந்தது. பையிலிருந்து ரஃப் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு நேராக முதல் மாடிக்குப் போனாள்.

பதினாலாவது பாடத்தில் ராகேஷ் ஒரு பூந்தொட்டியை உடைத்துவிட்டு அத்தையிடம் மன்னிப்புக் கேட்பான். அந்த வரிகளை சுப்ரஜா அப்படியே ஒப்பித்தாள். "மன்னித்துவிடுங்கள். தவறு என்னுடையது. எனக்குப் புரியவில்லை."

கடைசி வரி மட்டும் ராகேஷினுடையது அல்ல. அவளுடையது.

சுனைனா ஆண்ட்டி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

சுப்ரஜா நோட்டில் ஒரு சட்டையும் சோப்பும் வரைந்து காட்டினாள். ஆண்ட்டி என்னவோ கேட்டாள். சுப்ரஜா 'ஆமாம்' என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். நாம் எல்லோரும் ஆட்டுவது போலத்தான். ஆண்ட்டி அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டாள். ஆண்ட்டி தலையாட்டியபோது சுப்ரஜாவும் குழம்பினாள். தலையை நம்பிப் பயனில்லை என்று இருவருக்கும் தெரிந்துபோனது. அதன் பிறகு நோட்டில் சரி என்றால் டிக், தவறு என்றால் பெருக்கல் குறி.

சட்டைக்குப் பெருக்கல் குறி விழுந்தது. குளிப்பதற்கா என்று வாளியும் சொம்பும் வரைந்தாள். பெருக்கல் குறியோடு சிரிப்பும் வந்தது. அப்புறம் ஆண்ட்டியே பென்சிலை வாங்கிக்கொண்டாள்.

முதலில் கடலுக்குள் இறங்குகிற மாதிரி பாதிச் சூரியன். அதற்கு எதிரே, முழங்காலுக்குக் கீழே வரை தண்ணீரில் நிற்கும் ஒரு பெண். அவள் கையில் முறம். முறத்தில் வாழைப்பழம், தேங்காய், பக்கத்தில் கரும்பு. அடுத்த பக்கத்தில் அதே பெண், அதே முறம், ஆனால் சூரியன் மேலே ஏறுகிறது. இரண்டு படத்துக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு, ஒரு தண்ணீர் டம்ளர். இரண்டின் மேலும் பெரிய பெருக்கல் குறி.

"சாப்பிட மாட்டீங்களா? தண்ணிகூட குடிக்க மாட்டீங்களா?"

ஆண்ட்டி டிக் போட்டாள். பிறகு காலண்டரைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணி நாலாவது நாள், வியாழன் மாலை. அடுத்து வெள்ளி காலை. "சத் பூஜை," என்றாள்.

சுப்ரஜாவுக்கு எல்லாம் விளங்கியது. சூரியனைக் கும்பிடத் தண்ணீரில் நிற்க வேண்டும். ஊரில் என்றால் ஆறு இருக்கும், குளம் இருக்கும். இங்கே சுற்றிலும் கட்டிடம். சூரியன் இறங்குவதும் ஏறுவதும் தெரிகிற ஒரே இடம் மொட்டை மாடி. அதைத்தான் அவள் போர்வையும் பெட்ஷீட்டுமாக மாற்றி வைத்திருந்தாள்.

'அட, நம்ம பொங்கல்தான்' என்று வாய் வரை வந்தது. ஆனால் அன்றைக்கும் இப்படித்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னோம் என்று நிறுத்திக்கொண்டாள். பொங்கல் பானை, கரும்பு, சூரியன் மூன்றையும் வரைந்து நோட்டை நீட்டினாள். ஆண்ட்டி சூரியனுக்கு டிக் போட்டாள். கரும்புக்கு டிக் போட்டாள். பானைக்குப் பெருக்கல் குறி போட்டு, அந்தக் காலித் தட்டை மறுபடி விரலால் தொட்டுக் காட்டினாள். கொஞ்சம் அது மாதிரி. ஆனால் அது இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்து முடிக்கும்வரை சுப்ரஜா காத்திருந்தாள்.

"அப்பா, செக்ரெட்டரி அங்கிள் வீட்டுக்கு என்கூட வரீங்களா?"

"எதுக்குடா? மறுபடியும் ஹிந்தியா?" அப்பா உற்சாகமாகச் செருப்பை மாட்டினார்.

செக்ரெட்டரி வீட்டு ஹாலில் சுப்ரஜா நின்றுகொண்டே பேசினாள். உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடும் என்று தோன்றியது.

"அங்கிள், அன்னைக்கு ஆண்ட்டி சொன்னது எனக்குப் புரியல. துணி துவைக்கன்னு நானா சொல்லிட்டேன். அவங்க கேட்டது பூஜைக்கு." நோட்டைத் திறந்து காட்டினாள். "நீங்க சொன்னதையும் நான் சொல்லல. எனக்குச் சொல்லத் தெரியல. 'மாடி இல்லை'ன்னு மட்டும் சொல்லிட்டேன்."

அப்பா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செக்ரெட்டரி மெதுவாகச் சொன்னார். "நான் ரெண்டு நிமிஷம் பேசினேன். நீ ரெண்டே வார்த்தையில முடிச்சே. ஹிந்தி ரொம்பச் சுருக்கமான பாஷை போலிருக்குன்னு நினைச்சேன்."

சுப்ரஜாவுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அப்போ தப்பா எடுத்துக்க வேண்டாம்னு நான் சொன்னது போய்ச் சேரவே இல்லையா? மூணு நாளா அந்தம்மா என்னை எவ்வளவு மோசமான ஆளுன்னு நினைச்சிருக்கும்." அவர் எழுந்து இரண்டு முறை நடந்தார். "ஆனா சீலிங் ஒழுகறது நிஜம்மா. பூஜைன்னாலும் தண்ணி தண்ணிதானே."

"நீங்களே ஆண்ட்டிகிட்ட பேசுங்க அங்கிள். நான் நடுவுல இருக்கேன். தெரியாததைத் தெரியலைன்னு சொல்றேன்."

திரும்பி வரும்போது அப்பா கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக நடந்தார். அடுத்த படிக்கட்டில் கேட்டார். "ராகேஷ் மாம்பழம் சாப்பிடறது மட்டும்தான் புரியுமா?"

"அவன் மெதுவா சாப்பிட்டாத்தான்பா."

அப்பா சிரித்துவிட்டார். பிறகு அவள் தலையில் கை வைத்து, "ஊரெல்லாம் சொல்லி உன்னை மாட்டி விட்டது நான்தான்," என்றார். சுப்ரஜா மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

புதன்கிழமை மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். காலையில் மழை சற்று நின்ற நேரத்தில் செக்ரெட்டரி மாடிக் கதவைத் திறந்தார். அவர், சுனைனா ஆண்ட்டி, சுப்ரஜா, அப்பா, துளசிங்கம், குச்சியுடன் கோலு, எல்லோரும் மேலே ஏறினார்கள். அப்பா அரை நாள் லீவு போட்டிருந்தார்.

"மேற்குப் பக்கம் தளத்துல நீர்க்கசிவு இருக்கு," என்று ஆரம்பித்தார் செக்ரெட்டரி.

சுப்ரஜா கையைத் தூக்கினாள். "அங்கிள், அது எனக்குத் தெரியாது."

"எது?"

"நீர்க்கசிவு."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு எல்லோரையும் மூன்றாவது மாடி வீட்டுக்குக் கூட்டிப் போய், சீலிங்கில் படர்ந்திருந்த பெரிய மஞ்சள் கறையையும் கீழே வைத்திருந்த வாளியையும் காட்டினார். சுனைனா ஆண்ட்டி வாயில் கை வைத்துக்கொண்டாள். செக்ரெட்டரியைப் பார்த்து என்னவோ சொன்னாள். அவளுடைய முகம் இளகியிருந்தது.

"என்னம்மா சொல்றாங்க?"

"முழுசா புரியல அங்கிள். ஆனா உங்க மேல கோபம் இல்லைன்னு தோணுது. கேட்டுச் சொல்லவா?"

"வேண்டாம், வேண்டாம். அது எனக்கே புரிஞ்சுது," என்றார் செக்ரெட்டரி.

மறுபடி மாடிக்குப் போனார்கள். தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று சுப்ரஜா கேட்டாள். ஆண்ட்டி கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே கை வைத்துக் காட்டினாள். எவ்வளவு நேரம் என்றதற்கு அப்பாவின் கைக்கடிகாரத்தில் ஒரு மணி நேரம் காட்டினாள். கிழக்குப் பக்கத்தில் மட்டும் கோடையில் புதுசாக ஓடு பதித்திருந்தார்கள். செக்ரெட்டரி தன் குடைக் கம்பியால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார்.

"இதுக்குள்ளன்னா பரவாயில்ல. ஆனா நிக்கிற அளவுக்குத் தொட்டி எங்க இருக்கு?"

"எங்க அக்கா மீன் விக்கிற டப்பு கீது சார். நாலு ஆளு நிக்கலாம்," என்றார் துளசிங்கம். "சோப்பு போட்டு நல்லா தேச்சு எட்த்தாறேன்."

செக்ரெட்டரி ஏதோ சொல்லப் போனார். சுப்ரஜாவுக்கும் பதில் தெரியும் என்றுதான் தோன்றியது. இருந்தாலும் நோட்டில் ஒரு டப்பும் அதற்குள் ஒரு மீனும் வரைந்து ஆண்ட்டியிடம் நீட்டினாள். ஆண்ட்டி பெருக்கல் குறி போட்டாள். பிறகு துளசிங்கத்தின் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"செரிமா, செரிமா. சாமி காரியம். எனக்கு ஒண்ணும் பேஜார் இல்ல," என்றார் அவர்.

சுப்ரஜாவுக்குத் தங்கள் வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது. அவளுக்கு நாலு வயது இருக்கும்போது வாங்கிய, காற்றடிக்கிற ரப்பர் நீச்சல் குளம் அங்கே மடித்துக் கிடந்தது. அப்பா ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தார். காற்றடிக்கும் பம்ப் கிடைக்கவில்லை. அப்பாவே வாயால் ஊதினார். ஊதி முடிப்பதற்குள் முகம் தக்காளி நிறத்துக்கு வந்துவிட்டது.

"எண்பத்தி ஏழு மார்க்குக்கு இது வேணும் எனக்கு," என்றார் மூச்சு வாங்கியபடி.

நீல நிறக் குளம். வட்டமாகச் சுற்றிலும் மஞ்சள் வாத்துகள். ஒவ்வொரு வாத்தும் தொப்பி போட்டிருந்தது.

பூஜைக்கு வாத்து பரவாயில்லையா? சுப்ரஜா ஒவ்வொரு வாத்தாகத் தொட்டுக் காட்டிக் கேட்டாள். ஆண்ட்டி குளத்தைப் பார்த்தாள். தொப்பிகளைப் பார்த்தாள். மூன்று நாளாக அழுதவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பென்சிலை வாங்கி நோட்டில் பக்கத்தின் அளவுக்குப் பெரிய டிக் போட்டாள்.

வியாழக்கிழமை மாலை மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மணிக்குத் தூறலாகக் குறைந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

"தெரு முழுக்க தண்ணி நிக்குது. எறங்கி நின்னா போதும்னு நெனைச்சேன். சாக்கடத் தண்ணியாச்சே," என்று துளசிங்கம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குழாயைப் பிடித்து வாத்துக் குளத்தை நிரப்பினார்.

சுனைனா ஆண்ட்டி மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். மூக்கு நுனியிலிருந்து வகிடு வரை ஆரஞ்சு நிறத்தில் நீளமாகக் குங்குமம். புதன்கிழமை ராத்திரியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனாலும் மெல்லிய குரலில் பாடிக்கொண்டே குளத்தில் இறங்கி, மேற்கே பார்த்து முறத்தை உயர்த்தினாள். ஓசூரிலிருந்து அவளுடைய கணவர் வீடியோ காலில் பார்த்தார். கோலு போனைப் பிடித்திருந்தான். பாதி நேரம் அவருக்குக் கோலுவின் மூக்குதான் தெரிந்திருக்கும்.

வானம் முழுக்க ஒரே கருமேகம். சூரியன் இருக்கும் திசையே தெரியவில்லை.

செக்ரெட்டரி கவலையுடன் குனிந்தார். "சூரியன் தெரியலையே, பரவாயில்லையான்னு கேளும்மா."

சுப்ரஜா கேட்டாள். ஆண்ட்டி கண்ணைத் திறக்காமல் இரண்டு சொல் சொன்னாள்.

"அங்கேதான் இருக்குன்னு சொல்றாங்க," என்றாள் சுப்ரஜா. "இது எனக்கு நிஜமாவே புரிஞ்சுது."

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே எல்லோரும் மாடியில் இருந்தார்கள். யாரும் அழைக்காமலே மற்ற வீட்டுக்காரர்களும் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக வந்து ஓரமாக நின்றார்கள். ஆண்ட்டி வாத்துக் குளத்தில் கிழக்கே பார்த்து நின்றாள். குளிரில் உதடு நடுங்கியது. காத்திருந்தார்கள். மீனம்பாக்கத்துக்கு இறங்கப் போகும் விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்வாகப் போனது. அது போன பிறகு, கிழக்கே இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில் மேகம் கொஞ்சம் விலகியது. விரல் அளவு இடைவெளிதான். அதில் சிவப்பாகச் சூரியன் எட்டிப் பார்த்தது.

ஆண்ட்டி சுப்ரஜாவைக் கூப்பிட்டு ஒரு சொம்பைக் கையில் கொடுத்தாள். முறத்தின் முன்னால் சுப்ரஜா தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சம் தண்ணீர் ஒரு வாத்தின் தொப்பியில் விழுந்தது.

பூஜை முடிந்து ஆண்ட்டி குளத்தை விட்டு வெளியே வந்தாள். எல்லோரையும் பார்த்தாள். கண்கள் கலங்கியிருந்தன. கைகூப்பியபடி நீளமாகப் பேசினாள். கடைசியில் செக்ரெட்டரியைப் பார்த்து ஏதோ கேட்பது போல முடித்தாள்.

ஒன்பது வீட்டுக்காரர்களும் சுப்ரஜாவின் பக்கம் திரும்பினார்கள். அப்பாவும் திரும்பினார்.

"பாதிதான் புரிஞ்சுது," என்றாள் சுப்ரஜா. "இது அவங்களுக்கு ஊர் மாதிரியே இருந்துதாம். எல்லாருக்கும் நன்றி சொன்னாங்க. மீதி தெரியல. கேக்கறேன்."

அவள் கேட்டாள். ஆண்ட்டி மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். கோலுவைக் காட்டினாள். குளத்தைக் காட்டினாள்.

"தண்ணியைக் கொட்டறதுக்கு முன்னாடி கோலு கொஞ்ச நேரம் அதுல விளையாடலாமான்னு கேக்கறாங்க அங்கிள். ரெண்டு நாளா அழறானாம்."

மாடி முழுக்கச் சிரிப்பு. செக்ரெட்டரி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம். அதுக்கு மேல தண்ணி நிக்கக் கூடாது."

இதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் கோலு குளத்துக்குள் குதித்துவிட்டான்.

அந்தக் கோதுமையில் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பொரித்த தேக்குவா என்ற பலகாரம் ஒன்பது வீட்டுக்கும் போனது. துளசிங்கத்துக்கு இரண்டு பங்கு. மொறுமொறுவென்று, கடித்தால் சத்தம் கேட்கிற பலகாரம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும்போது படிக்கட்டுச் சுவரில் ஒரு புது அறிவிப்பு இருந்தது. செக்ரெட்டரியின் கையெழுத்து, ஸ்கேல் வைத்த அடிக்கோடு.

'ஹிந்தி உதவிக்கு: இரண்டாம் மாடி, சுப்ரஜா. பாதிதான் தெரியும். அந்தப் பாதியை நம்பலாம்.'

சுப்ரஜா அதை இரண்டு முறை படித்தாள். இப்போது ஆண்ட்டி வீட்டுக்குத் தினமும் போகிறாள். ஆண்ட்டிக்கு இவள் தமிழ் சொல்லிக் கொடுக்க, இவளுக்கு ஆண்ட்டி ஹிந்தி சொல்லிக் கொடுக்கிறாள். பையிலிருந்து பென்சிலை எடுத்து, 'பாதி' என்பதை அடித்து 'முக்கால்' என்று எழுதப் போனாள்.

கொஞ்சம் யோசித்தாள். பென்சிலைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.